ஏர்வாடி: ஒரு சங்கிலியின் வரலாறு

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், பொழுது புலருமுன், இராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரைக்கு அருகிலுள்ள ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கென்று தனியார் நடத்திவந்த விடுதியொன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். பூட்டு இல்லாதிருந்த சிலர் வெளியே ஓடித் தப்பினர். பூட்டப்பட்டிருந்தவர்களில் 25 பேர் இருந்த இடத்திலேயே கருகினர். தீக்காயங்களோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் மேலும் மூவர் பின்னர் இறந்தனர். அலறல் ஊருக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனால் ஏர்வாடியில் இரவில் அலறல் கேட்பது புதிதன்று. ஆகையால் முதலில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்று அந்நாளையச் செய்தித்தாள்கள் எழுதின.

அடுத்த சில வாரங்கள் தமிழ்நாடே இதைப் பற்றிப் பேசிற்று. பேசியவற்றை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். தர்காவுக்கு அழைத்துச் சென்றால் பைத்தியம் தெளியும் என்ற மூடநம்பிக்கைதான் காரணம் என்றனர் ஒரு சாரார். நோயாளியின் பெயரால் பணம் பண்ணிய விடுதிக்காரர்களின் பேராசைதான் காரணம் என்றனர் இன்னொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இந்த இரண்டு விளக்கங்களும் நமக்கு அத்தனை விரைவில் போதுமானவையாகிவிட்டதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இரண்டிலும் குற்றவாளி வேறு யாரோ, நாம் அல்லர். படித்தவனுக்கு மூடநம்பிக்கை இல்லை, விடுதி நடத்தாதவனுக்குப் பேராசைப்பழி இல்லை. ஆக, எல்லோரும் வருந்திவிட்டு வேலைக்குப் போகலாம்.

சங்கிலி ஏர்வாடியில் வடிக்கப்பட்டதன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. மருத்துவமனை, நீதிமன்றம், வீடு, வழிபாட்டுத்தலம் என்று அது கைமாறி வந்த வழியைப் பின்தொடர்ந்தால், எல்லா இடத்திலும் எளிய கேள்வி ஒன்றே திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. தன்னிலை இழந்த ஒருவருக்கு அருகே இரவு முழுவதும் யார் விழித்திருப்பது? அந்த விழிப்புக்கான கூலியை யார் கொடுப்பது? இதற்கு விடை கிடைத்த இடங்களில் சங்கிலி கழன்றிருக்கிறது. விடை கிடைக்காத இடங்களுக்கு அது திரும்பி வந்திருக்கிறது.

*

தமிழ் மரபு பித்தரை மதித்தது என்று சொல்வதில் நம்மவர்க்கு ஒரு பெருமிதம் உண்டு. சிவனே பித்தன், சுந்தரர் அவனை அப்படித்தான் அழைத்தார். சித்தர்கள் கந்தலோடு தெருவில் திரிந்தவர்கள். சித்த மருத்துவத்தில் அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களைப் பதினெட்டு வகையாகப் பிரிக்கிறது. கோவில் வாசலில் தானாகப் பேசிக்கொண்டு அமர்ந்திருப்பவருக்கு உண்டைக்கட்டி கொடுக்காமல் போன ஊர் குறைவு. இவையெல்லாம் மெய்தான்.

ஆனால் சொத்து என்று வந்தவுடன் மரபின் முகம் மாறிவிடும். பழைய இந்து சட்டத்தில் பிறவிக் குருடர், செவிடர், ஊமையர், பித்தர் ஆகியோருக்குத் தாயபாகம் கிடையாது. சோறும் துணியும் பெறும் உரிமை மட்டுமே உண்டு. உடற்குறையைக் காரணம் காட்டிப் பங்கை மறுக்கக்கூடாது என்று 1928இல்தான் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமும் பிறவியிலேயே சித்தம் கலங்கியவர்களை விலக்கியே வைத்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பின்னரே அந்த விலக்கும் நீங்கியது. பித்தனைக் கடவுளாகப் பாடியதும் அவனுக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லையென்றதும் ஒரே சமூகம். நம் பண்பாட்டில் மாற்றுத்திறனாளிகளின் இடம் என்ன என்று ஆராய்கிறவர்கள் பக்தி இலக்கியத்தைப் படித்த கையோடு பழைய பாகப்பிரிவினை வழக்குகளையும் படிப்பது நல்லது.

ஆங்கிலேயரும் இதில் பெரிதாக வேறுபட்டுவிடவில்லை. 1858இல் இந்தியாவுக்கென்று அவர்கள் மனநோய் தொடர்பாக மூன்று சட்டங்கள் செய்தனர். 34ஆம் எண் சட்டம் உச்ச நீதிமன்றங்கள் இருந்த தலைநகரங்களுக்கு. 35ஆம் எண் சட்டம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு. 36ஆம் எண் சட்டம் காப்பகங்களுக்கு. முதலிரண்டின் முதன்மையான கவலை, சித்தம் கலங்கியவரின் சொத்தை யார் நிர்வகிப்பது என்பது. மூன்றாவதுதான் ஆளை எங்கே வைப்பது என்பதைப் பேசிற்று. அங்கும் நோயாளியைக் காப்பகத்துக்கு அனுப்பும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டிடம் இருந்தது. அலைந்து திரியும் பித்தரைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது போலீசின் கடமை. நோய்க்கு மருந்து தேடுவதற்கு முன்பே ஒருவர் காவல் நிலையத்தையும் கச்சேரியையும் கடந்தாக வேண்டியிருந்தது. 1912ஆம் ஆண்டின் சட்டம் இந்த ஏற்பாட்டைச் சற்றே திருத்தி, அடிப்படையை மாற்றாமல் தொடர்ந்தது. நம் கிராமங்களில் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்ற சொல்லில் ஜெயிலின் வாடை ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

*

சென்னையின் முதல் மனநோயர் காப்பகத்தின் கதை இங்கே சொல்லத்தக்கது. 1794இல் வாலன்டைன் கானலி என்ற கம்பெனி அறுவை மருத்துவர் கீழ்ப்பாக்கத்தில் அதைத் தொடங்கினார். அது அரசு நிறுவனம் அன்று. அவருடைய சொந்த முயற்சி. கிழக்கிந்தியக் கம்பெனி தான் அனுப்பும் நோயாளிகளுக்காகப் பணம் செலுத்தியது. ஆதாயம் தரும் தொழிலாகவே அது கைமாறியது; பின்னாளில் டால்டன் என்ற மருத்துவரிடம் வந்து அவர் பெயராலேயே அறியப்பட்டது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மனநோயாளிகளைத் தங்கவைக்கும் தொழிலைத் தமிழ் மண்ணில் தொடங்கிவைத்தது ஏர்வாடிக் கொட்டகை அல்ல என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம். இரண்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. கானலியிடம் மருத்துவப் படிப்பு இருந்தது, கம்பெனியின் மேற்பார்வை ஓரளவுக்கேனும் இருந்தது. ஆனாலும் நோயாளியின் உறவுகளுக்கு மாற்றாகப் பணம் நுழைந்த அந்தக் கணம் இரண்டுக்கும் பொது.

அதே பத்தாண்டில் பாரிசில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பிசேத்ர் காப்பகத்தில் ஃபிலிப் பினெல் என்ற மருத்துவர் பித்தரின் விலங்குகளை அவிழ்த்தார் என்பது மருத்துவ வரலாற்றின் பெரும் புராணம். 1876இல் தோனி ரோபேர்-ஃப்ளெரி தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் பினெல் கம்பீரமாக நிற்க, பெண்ணொருத்தியின் விலங்கு கழற்றப்படுகிறது. ஆனால் பிசேத்ரில் 1797இல் சங்கிலிகளை உண்மையில் நீக்கியவர் மருத்துவர் அல்லர். ழான்-பாத்திஸ்த் புஸ்ஸேன் என்ற மேற்பார்வையாளர். அவரே ஒருகாலத்தில் கண்டமாலை நோய்க்காக அங்கே வந்து சேர்ந்த நோயாளி. குணமாகி, அங்கேயே வேலையில் அமர்ந்தவர். பினெல் அப்போது சல்பெத்ரியேருக்கு மாறியிருந்தார். தாம் புஸ்ஸேனிடம் கற்றதை அவர் மறைக்கவும் இல்லை. ஓவியம்தான் மறைத்தது.

புஸ்ஸேனால் இதைச் செய்ய முடிந்ததன் காரணம் நம் கேள்விக்கு நேரான விடை. அவர் அங்கேயே குடியிருந்தார். நோயாளிகளை அடிக்கக்கூடாது என்று பணியாளர்களுக்குக் கட்டளையிட்டார். குணமான நோயாளிகளிலிருந்தே பணியாளர்களைத் தேர்ந்தார். சங்கிலிக்குப் பதிலாக விழித்திருக்கும் மனிதர்களை நிறுத்தினார் என்பதே அதன் பொருள். அவரும் முழுக்கக் கட்டவிழ்த்துவிடவில்லை. சங்கிலியின் இடத்தில் கைகளைப் பிணைக்கும் முரட்டுச் சட்டை வந்தது. இரும்பு துணியானது. அதுவும் ஒரு முன்னேற்றம்தான் என்று அந்தச் சட்டைக்குள் இருந்தவர்கள் சொன்னார்களா என்பது வேறு விஷயம்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். 1871இல் கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்தில் அரசுக் காப்பகம் 145 நோயாளிகளோடு திறக்கப்பட்டது. 1922இல் அது அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறிற்று. 1961இல் அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர், 1978 வரை அங்கே பணிபுரிந்தார். ஓய்வுபெற்ற பின் 1984இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார். வீதியில் திரியும் மனநோய்ப் பெண்களுக்காக 1993இல் 'பானியன்' தொடங்கப்பட்டதும் சென்னையில்தான். குறைவாக மதிப்பிடக்கூடிய பணிகள் அல்ல இவை. ஆனால் இவற்றின் முகவரி எல்லாம் சென்னை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாடு முழுவதற்குமான கணக்கு இன்னும் மோசம். 1946இல் வெளியான போர் குழு அறிக்கையின்படி, பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் மனநோய் மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகள் 10,181. நாற்பதாயிரம் பேருக்கு ஒரு படுக்கை. மற்ற நோயாளிகள் எங்கே இருந்தார்கள்? வீட்டில், கொல்லைப்புற அறையில், சிறையில், தெருவில், கோவிலில், தர்காவில். மருத்துவமனையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இவர்களின் வரலாற்றை எழுதுவதில்லை. இவர்களுக்குப் பதிவேடு கிடையாது.

*

ஏர்வாடி தர்காவில் அடங்கியிருப்பவர் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத். தென்தமிழகம் முழுவதிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அங்கே மக்கள் வருகிறார்கள். வருவோரில் இந்துக்களும் ஏராளம். சந்தனக்கூடு விழா பெரும் கூட்டத்தை ஈர்ப்பது. அங்கே எரியும் விளக்கின் எண்ணெயும் தர்காவின் நீரும் நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை. குணமானவர்க்குக் கனவில் உத்தரவு வரும், அதன் பிறகே ஊர் திரும்பலாம் என்பதும் நம்பிக்கை.

இந்தக் கனவு என்ற ஏற்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கனவு ஒரு வாரத்திலும் வரலாம், ஐந்தாண்டிலும் வரலாம். தொடக்கத்தில் தாயோ மனைவியோ தமையனோ நோயாளியோடு உடனிருந்து காத்தனர். நடவு, அறுப்பு, கூலி, மற்ற பிள்ளைகளின் பசி என்று ஊர் அவர்களைத் திரும்ப அழைத்தது. அப்போதுதான் நோயாளியைக் கவனித்துக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு அனுப்புங்கள் என்று சிலர் சொல்லத் தொடங்கினர். அப்படிச் சொன்னவர்களில் தாமும் ஒரு காலத்தில் நோயுற்ற உறவினரை அழைத்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. உதவியாகத் தொடங்கியது விடுதியாயிற்று. விடுதிக்கு ஆட்கள் கூடினர். பணம் சிலருக்கு ஒழுங்காக வந்தது, சிலருக்கு நின்றுபோயிற்று. நாற்பது பேருக்கு இரண்டு மூன்று பேர் காவல் என்றால் இரவில் அவர்கள் உறங்கியாக வேண்டும். அவர்கள் உறங்குவதற்குத்தான் சங்கிலி.

குடும்பங்கள் ஏன் மருத்துவமனைக்குப் போகவில்லை என்று கேட்போருக்கு ஒரு நிலவியல் விடை உண்டு. 2001இல் தமிழ்நாட்டில் மனநோய்க்கென்றே இருந்த அரசு மருத்துவமனை ஒன்றே ஒன்று. அது ஏர்வாடியிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மதுரை மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குப் போகவும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். கட்டுக்கடங்காத நிலையில் உள்ள ஒருவரைப் பேருந்தில் ஏற்றிச் செல்வது என்ன பாடு என்பது செய்தவர்களுக்குத் தெரியும். மருந்து மாதாமாதம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் வேண்டும். ஒவ்வொரு முறையும் கூலி போகும். தர்காவோ கேள்வி கேட்பதில்லை. நோயின் பெயர் சொல்வதில்லை. பரம்பரைக் கோளாறு என்று எழுதி வைப்பதில்லை. ஆகவே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வரன் அமைவதிலும் இடைஞ்சல் இல்லை. பேய், செய்வினை என்று சொன்னால் பழி வெளியே போகிறது. நோய் என்று சொன்னால் குடும்பத்தின் இரத்தத்துக்குள் வருகிறது. மூடநம்பிக்கை என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் இத்தனை கணக்குகள் இருக்கின்றன.

தீ விபத்துக்கு இரண்டாண்டு முன்பு, 1999இல், பாலாவின் 'சேது' வெளியாயிற்று. நாயகன் சித்தம் கலங்கியபின் மனநோயாளிகளைச் சங்கிலியிட்டு வைத்திருக்கும் ஒரு மடத்தில் கொண்டு விடப்படுகிறான். தமிழகம் அந்தக் காட்சிகளைக் கண்டு கண்ணீர் விட்டது, படத்தைக் கொண்டாடியது. நாயகனின் காதல் என்ன ஆகும் என்ற கவலையில் பக்கத்துச் சங்கிலிகளில் இருந்தவர்கள் யார் என்று எவரும் கேட்டதாக நினைவில்லை. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' 2003இல் வந்தபோது, உடற்குறை உள்ளவர்களை உடைமையாக வைத்துப் பிச்சையெடுக்கச் செய்யும் வணிகத்தை நம் இலக்கியம் நேருக்கு நேர் பார்த்தது. மனநோயாளியை மாதத் தொகைக்கு வைத்திருக்கும் விடுதியின் உள்ளே சென்று எழுதப்பட்ட, அதற்கு நிகரான ஒரு தமிழ் நாவலை நாம் படித்ததில்லை.

*

மதத்தலமும் மனநோயும் சேரும் இடமெல்லாம் சங்கிலி வந்தே தீரும் என்பதில்லை. பெல்ஜியத்தில் கீல் என்றொரு சிற்றூர். அயர்லாந்து இளவரசி டிம்ப்னா அங்கே கொல்லப்பட்டாள் என்பது ஐதீகம்; மனைவியை இழந்து பித்தேறிய தந்தை மகளையே மணக்கத் துரத்தி வந்து வெட்டினான் என்பர். அவள் பித்தர்களின் காவல் புனிதை ஆனாள். 1349இல் அவள் பெயரால் ஒரு தேவாலயம் எழும்பிற்று. ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகளை அழைத்து வந்தனர். தேவாலயத்தை ஒட்டிய அறைகள் நிரம்பி வழியவே, ஊரார் தங்கள் வீடுகளில் நோயாளிகளைத் தங்கவைத்தனர். சிலர் திரும்பிப் போகவே இல்லை. இதுவரை ஏர்வாடியின் கதையேதான்.

கீலிலும் இரும்பு இருந்தது. 1821இல் அங்கு சென்று பார்த்த பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் இரண்டு விஷயங்கள் வேறு. ஒன்று, நோயாளிகள் கொட்டகையில் குவிக்கப்படவில்லை. ஒரு வீட்டுக்கு ஒருவர் அல்லது இருவர் என்று பிரிந்து, அந்த வீட்டு மேசையில் உண்டு, வயலில் உடன் உழைத்தனர். மற்றொன்று, 1850ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பெல்ஜிய அரசு அந்த வழக்கத்தை மூடிவிடாமல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வீடுகளைச் சோதிக்க ஆள் வைத்தது, மருத்துவர்களை அமர்த்தியது, ஊரிலேயே ஒரு சிறு மருத்துவமனை கட்டியது, குடும்பங்களுக்குத் தொகை கொடுத்தது. 1930களின் இறுதியில் ஏறத்தாழ 3,800 பேர் அந்த ஊரின் வீடுகளில் வாழ்ந்தனர். பின்னர் எண்ணிக்கை பெரிதும் சுருங்கிவிட்டது, வழக்கம் அறுபடவில்லை. விழித்திருக்கும் பொறுப்பு அங்கே ஊர் முழுவதற்கும் பங்கிடப்பட்டது, அதற்கு அரசு கூலியும் கொடுத்தது.

கீலுக்குப் போகாமலேயே பார்க்க வேண்டுமானால் நம் ஊரிலும் சான்று உண்டு. ஏர்வாடி எரிந்த மறு ஆண்டில், 2002 ஜூலையில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ரகுராம் என்ற மனநல மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் தமிழகத்தின் முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 நோயாளிகளை, வந்த நாளிலும் புறப்பட்ட நாளிலும் மருத்துவ அளவுகோல்களைக் கொண்டு சோதித்தனர். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். அங்கே விசேஷச் சடங்கென்று பெரிதாக எதுவுமில்லை. காலையில் ஒரு சிறு வழிபாடு. பிறகு கோவிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள். கட்டணம் கிடையாது. உறவினர் ஒருவர் உடன் தங்க வேண்டும். நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. புதிய மருந்துகள் சிலவற்றால் கிடைக்கும் பலனுக்கு இது இணையானது என்று ஆய்வாளர்கள் எழுதினர். இதைக் காட்டி மருந்து வேண்டாம் என்று வாதிடுவோர் உண்டு, அது விபரீதம். 31 பேரைக் கொண்ட ஆய்வு அவ்வளவு பாரம் தாங்காது. நம் கவனத்தைக் கவர்வது அந்த ஒரு நிபந்தனைதான்: உறவினர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

*

தீ விபத்துக்கு ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 13 அன்று, ஏர்வாடியின் விடுதிகள் அனைத்தும் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்புக்கு வந்தனர். விடுதி நடத்தியவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் 2007இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் செய்தித்தாளைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த வழக்கு, தமிழ்நாட்டுக் காப்பகத் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேர் இறந்தது குறித்து என்ற பொருளில் தலைப்பிடப்பட்டது. சட்ட இதழ்களில் இன்றும் அந்தத் தலைப்புத்தான். பின்னர் இறந்த மூவர் தலைப்பில் ஏறவில்லை.

2002இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனை இருக்க வேண்டும் என்றது. மனநோயாளிகளைச் சங்கிலியிடக்கூடாது என்று வழிபாட்டுத் தலங்களில் அறிவிப்புப் பலகை வைக்கச் சொன்னது. உரிமம் இல்லாத விடுதிகளை மூடச் சொன்னது. உரிமச் சட்டம் ஏற்கெனவே இருந்ததுதான். 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம், ஆறாண்டு தூங்கி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தனியார் மனநல விடுதி நடத்த உரிமம் வேண்டும் என்றும், நோயாளியைக் கொடுமைப்படுத்தக்கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. ஏர்வாடிக் கொட்டகைகள் எட்டாண்டு அந்தச் சட்டத்தின் நிழலிலேயே நின்றன. அதே சட்டம் அரசு மருத்துவமனைகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விலக்களித்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்காக 37 மனநோய் மருத்துவமனைகளை ஆராய்ந்து 1999இல் வெளியான அறிக்கை, அவற்றுள் பலவும் சிறை போன்ற அமைப்பை இன்னும் விடவில்லை என்று கண்டிருந்தது. ஏர்வாடியைப் பழிக்க அரசின் கை அத்தனை சுத்தமாக இருக்கவில்லை.

'எந்த வகையிலும் சங்கிலியிடலாகாது' என்று இந்தியச் சட்டம் வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆயிற்று. அவ்வாண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. அரசு நிறுவனங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், மனநோயாளருக்கு முதன்முறையாக வேலை ஒதுக்கீட்டில் பங்கு தந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊனப் பட்டியலில் மனநோய் இருந்தது, ஒதுக்கீட்டில் இல்லை. காகிதத்தில் நாம் நெடுந்தூரம் வந்துவிட்டோம்.

2019 ஜனவரியில், உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் ஒரு மதக் காப்பகத்தில் மனநோயாளிகள் சங்கிலியிடப்பட்டிருக்கும் விவகாரம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிபதிகள் அதே 95ஆம் பிரிவைச் சுட்டிக் கண்டித்தனர். ஏர்வாடியிலிருந்து பதாயூன் வெகுதூரம். சங்கிலிக்கு அது தூரமில்லை. 2020இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ அறுபது நாடுகளில் இந்த வழக்கம் இருப்பதாகக் கண்டது. இந்தோனேசியாவில் 'பாசுங்' என்று இதற்குப் பெயரே உண்டு. அங்கே 1977லேயே தடை விதித்தார்கள்.

தடையின் வரையறை இதில் புலப்படுகிறது. நீதிமன்றம் சங்கிலியைக் கழற்றச் சொல்ல முடியும். கழற்றியவரின் அருகே அன்றிரவு யார் படுத்துக்கொள்வது என்பதை மாவட்ட நிர்வாகமும் வரவுசெலவுத் திட்டமும்தான் சொல்ல வேண்டும். 2015–16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரும்பாலான மனநோய்களில் சிகிச்சை பெறாதோர் பங்கு எழுபது விழுக்காட்டுக்கு மேல் என்றது. இந்த எண்ணின் பொருள், விழித்திருப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள் என்பதுதான். அவர்களுக்கு ஓய்வு நாள் கிடையாது, மாற்று ஆள் கிடையாது, முதுமை உண்டு.

தீக்குப் பிறகு சில இடங்களில் கோவிலையும் மருத்துவரையும் சேர்த்துவைக்கும் முயற்சி நடந்தது. திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோவிலில் மனநோயாளிகள் ஒரு மண்டலம் தங்கும் வழக்கம் உண்டு. பூசை வேளையில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அங்கே உரிமம் பெற்ற மறுவாழ்வு இல்லம் ஒன்று அமைந்து மருத்துவர் வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 'தவா–துவா', அதாவது மருந்தும் வேண்டுதலும் என்ற பெயரில் தொடங்கிய திட்டம் பிற்பாடு ஏர்வாடிக்கும் வந்தது. பாத்திஹா ஓதிவிட்டு வருகிறவர் அங்கேயே மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். எண்ணெயைக் கைவிட்டால்தான் மாத்திரை என்று யாரும் நிபந்தனை விதிப்பதில்லை. பகலின் தேவை இவ்வாறு ஓரளவு தீர்கிறது. தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகைக்கு அறை எடுத்து, கனவுக்காக இன்னமும் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இரவு வழக்கம்போல் வருகிறது.